பெரிய டோப்பா – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆங்கில நாளிதழ்களில் கட்சிப் பெரும்புள்ளிகளை 'பிக்விக்' என்று எழுதுகிறார்கள். 'விக்' என்றால் டோப்பாதானே? அதற்கும் பதவிக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் நிறுவன ஆண்டுவிழாவுக்கு வரும் தலைமை அதிகாரியை வரவேற்புரையில் அப்படிச் சொல்லலாமா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

வரவேற்புரையில் வேண்டாம். அது ஆள் இல்லாத இடத்தில் சொல்கிற சொல். நாம் 'பெரிய தலை' என்கிறோமே, அந்த ரகம்.

மற்றபடி டோப்பாவேதான். பிரான்சில் 13ஆம் லூயிக்கு முடி கொட்டியது, டோப்பா வைத்துக்கொண்டார். மகன் 14ஆம் லூயி காலத்தில் அரண்மனையே டோப்பாவுக்கு மாறியது. ராஜா வைத்தால் மந்திரி சும்மா இருப்பாரா? 1660இல், வெளிநாட்டில் தஞ்சமிருந்த அரசர் இரண்டாம் சார்லஸ் நாடு திரும்பியபின் இங்கிலாந்தையும் அந்த மோகம் பிடித்துக்கொண்டது. மனித முடியில் செய்த, தோளில் புரண்டு மார்புவரை தொங்கும் டோப்பா பணக்காரர்களுக்கே கட்டுப்படியானது. தலையைப் பார்த்தாலே ஆளின் வசதி தெரிந்துவிடும். 18ஆம் நூற்றாண்டில் பெரிய மனிதர்களுக்கு 'பிக்விக்' (பெரிய டோப்பா) என்று அதுவே கேலிப்பெயரும் ஆனது.

இதில் எனக்குப் பிடித்த சாட்சி சாமுவேல் பீப்ஸ். லண்டனில் கடற்படை நிர்வாக அதிகாரி, நாட்குறிப்பு எழுதியவர். 1663 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புது டோப்பாவோடு தேவாலயத்துக்குப் போகிறார். மொத்தக் கூட்டமும் தன்னையே பார்க்கும் என்று உள்ளூர உதறல். அப்படி யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை! (கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்திருக்கும் என்பது என் சந்தேகம்.) 1665இல் லண்டனில் பிளேக் வந்தது. வாங்கிவைத்த டோப்பாவைத் தலையில் வைக்கவே மனிதருக்குப் பயம். பிளேக்கில் செத்தவர்களிடம் வெட்டிய முடியாக இருக்குமோ என்று இனி யாரும் முடி வாங்கத் துணியமாட்டார்களே, டோப்பா நாகரிகம் என்னவாகும் என்று செப்டம்பர் மாதக் குறிப்பில் கவலைப்படுகிறார். ஊர் செத்துக்கொண்டிருக்கும்போதும் கவலை அதுதான்.

அப்புறம் 1795இல் இளைய பிட் என்ற பிரிட்டிஷ் பிரதமர், டோப்பாவுக்கும் தலைமுடிக்கும் பூசும் பவுடருக்கு ஆண்டுக்கு ஒரு கினி (அக்காலத் தங்கக் காசு) வரி போட்டார். பிரான்சோடு போர், கையில் காசில்லை. கட்டியவர்களுக்குக் 'கினிப் பன்றி' என்று பட்டம் கிடைத்தது. ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருந்த மோகம் அதோடு சரிந்தது.

மிச்சம் இருப்பது நீதிமன்றத்தில். இங்கிலாந்தில் 2008 முதல் சிவில் வழக்குகளில் நீதிபதிகள் டோப்பா வைப்பதில்லை. கிரிமினல் வழக்குகளில் குதிரைமுடி டோப்பா இன்னும் உண்டு. கூண்டில் நிற்பவருக்கு மட்டும் ஏன் அந்த தரிசனம் என்று அடுத்த கடிதத்தில் கேட்டுவிடாதீர்கள்.