மிஸ்டர் பீனை வரையும் மகளை என்ன படிக்க வைப்பது?

உங்கள் மகளுடைய கணக்கு நோட்டின் பின்பக்கங்களை என் மேசையில் விரித்து வைத்து, "பள்ளி இறுதியாண்டில் இருக்கும் பெண் செய்கிற வேலையா இது?" என்று கேட்டீர்கள். பக்கத்துக்கு ஏழெட்டு மிஸ்டர் பீன். தேர்வு நெருங்கும் நேரத்தில் உங்களுக்கு ஏற்பட்ட கலக்கம் புரிகிறது. ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்பிவைப்பது படிப்பு ஆலோசகரான என் வேலை அல்ல என்பதால் நேராகவே சொல்லிவிடுகிறேன்: அவளைக் கணினிப் பொறியியலில் சேர்த்துவிடுங்கள் என்று உங்கள் மைத்துனர் வற்புறுத்துவதை நான் ஏற்கவில்லை.

அந்தப் படிப்புக்கு மதிப்பு இருக்கிறது என்கிறார். இருக்கட்டும், சொந்தக்காரர்கள் நடுவே கிடைக்கும் மதிப்பு தேர்வறையில் உதவாது. "முதலில் பட்டம் வாங்கட்டும், படம் பிறகு வரையலாம்" என்கிறாரே, அதில்தான் ஆபத்து இருக்கிறது. கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறும் மாணவி, கணக்கையே அடித்தளமாகக் கொண்ட படிப்பில் சேர்ந்தால், தவறிய தாள்களைத் திரும்பத் திரும்ப எழுதுவதிலேயே கை பழக வேண்டிய ஆண்டுகள் கழிந்துவிடும். அதன்பிறகு அவளுக்குப் பிடித்ததைப் படிக்க இன்னொரு முறை கட்டணம் கட்டுவீர்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டு படிப்புச் செலவு செய்வதைப் பாதுகாப்பான வழி என்று என்னால் சொல்ல முடியாது.

ஓவியக் கல்லூரி, கிராபிக் டிசைன் ஆகியவற்றைப் பற்றி யாராவது ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். அவற்றைத் தாண்டிச் செல்கிறேன். கேலிச்சித்திரம் வரையத் தொடங்கும் பிள்ளைகள் பெரும்பாலும் மூக்கையும் புருவத்தையும் பெரிதாக்குவதோடு நின்றுவிடுவார்கள். உங்கள் மகளோ ஒரு படத்தில் முகத்தையே வரையவில்லை. முதுகுப்புறத் தோற்றம், தூக்கிய தோள்கள், விலாவோடு ஒட்டிய முழங்கைகள், அவ்வளவுதான். ஆள் யாரென்று உடனே தெரிந்துவிடுகிறது. அடுத்த பக்கத்தில் சிறு கட்டங்களாக ஒரு காட்சி ஓடுகிறது: மூடும் கதவு, இடுக்கில் சிக்கிக்கொண்ட, அவர் அணிந்த கோட்டு முனை, யாராவது பார்த்துவிட்டார்களா என்று ஓரமாகத் திரும்பும் கண். அதில் ஒரு சொல்கூட இல்லை. சிறுவயதில் அதிகம் பேசாத ஒரு பாத்திரத்தின் மேல் ஆசை வைத்ததால், உடலசைவாலேயே கதை சொல்லும் பழக்கம் அவளுக்குத் தானாக வந்திருக்கிறது.

இந்தப் பழக்கத்தைத் தொழிலாகவே கொண்டவர்கள் ஸ்டோரிபோர்டு கலைஞர்கள். காட்சிகளைத் தாள்களில் வரைந்து பலகையில் வரிசையாகக் குத்திவைத்துக் கதையைச் சரிபார்க்கும் இந்த ஸ்டோரிபோர்டு முறை 1930களின் தொடக்கத்தில் டிஸ்னி ஸ்டுடியோவில் உருவானது. இன்று கார்ட்டூன் தொடர்கள் மட்டுமன்றி விளம்பரப் படங்கள், திரைப்படச் சண்டைக்காட்சிகள், வீடியோ கேம்கள் ஆகியவற்றுக்கும் அது தேவைப்படுகிறது. 1990இல் ரோவன் அட்கின்சன் நடிப்பில் தொலைக்காட்சித் தொடராகத் தொடங்கிய மிஸ்டர் பீன் 2002இல் கார்ட்டூன் தொடராகவும் வந்தது. அத்தகைய தொடர்களில் எழுத்தில் இருக்கும் ஒரு வரிக்கு, கேமரா எங்கே நிற்கிறது, பாத்திரம் எந்தப் பக்கமிருந்து நுழைகிறது, சிரிப்பு எந்தக் கட்டத்தில் வெடிக்கிறது என்று முதலில் தீர்மானிப்பவர் ஸ்டோரிபோர்டு கலைஞர்தான். கட்டைவிரல் நக அளவுக் கிறுக்கல்களில் தொடங்கி, இயக்குநர் சொல்லும் திருத்தங்களைச் செய்து, கட்டங்களை ஒலியோடு சேர்த்து அனிமேட்டிக் என்னும் முன்மாதிரிப் படமாக ஆக்குவார்கள். ஒவ்வொரு கட்டமும் எத்தனை நொடி திரையில் நிற்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரியவரும். நகைச்சுவையில் அரை நொடி தாமதித்தாலும் சிரிப்பு செத்துவிடும். புதியவர்கள் பெரும்பாலும் பிறர் வரைந்த கட்டங்களைத் திருத்திக்கொடுக்கும் வேலையில்தான் நுழைகிறார்கள். இங்கே பளபளப்பான ஓவியத்தைவிட விரைவாகவும் தெளிவாகவும் வரையும் கைக்கே மதிப்பு அதிகம்.

குறைகளையும் மறைக்கவில்லை. பல இடங்களில் ஒப்பந்த வேலைதான். தொடர் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். கெடு நெருங்கினால் இரவும் வேலை இருக்கும்.

செலவு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அனிமேஷன் என்ற பெயரைக் காட்டிப் பெருந்தொகை கேட்கும் நிறுவனத்தில் வீட்டை அடகு வைத்துச் சேர்க்காதீர்கள். கடனின் மாதத் தவணை, முதல் வேலையில் எதிர்பார்க்கக்கூடிய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த இடம் வேண்டாம். இத்துறையில் ஆளெடுப்பவர்கள் சான்றிதழுக்கு முன் போர்ட்ஃபோலியோவை, அதாவது வரைந்தவற்றின் தொகுப்பைப் பார்ப்பார்கள். வரையவும் அனிமேஷன் செய்யவும் உதவும் பிளெண்டர், கிரிட்டா ஆகிய இரண்டு மென்பொருள்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. தொடங்குவதற்கு அவையும் ஒரு பென்சிலும் போதும்.

ஆனால் அந்தத் தொகுப்பு முழுவதும் பீனாக இருக்கக் கூடாது. பிறர் உருவாக்கிய பாத்திரத்தைப் பயிற்சிக்காக வரையலாம். அச்சிட்டு விற்றால் உரிமைச் சிக்கல் வரும், ஆளெடுப்பவருக்கும் அவளுடைய சொந்தக் கற்பனை தெரியாது. எனவே தினமும் அரைமணி நேரம், பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களை ஆளுக்கு ஒரு நிமிடத்துக்குள் வரையச் சொல்லுங்கள். அவர்களிலிருந்து அவளுக்கென்று ஒரு பாத்திரம் பிறக்கட்டும். தேர்வு முடியும்வரை இந்த அரைமணிக்கு மேல் வேண்டாம் என்பதையும் அவளிடமே நான் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த முறை மைத்துனரையும் அழைத்து வாருங்கள். கட்டணக் கணக்கை அவர் எதிரிலேயே போட்டுப் பார்ப்போம். மறக்காமல் அந்த நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். கோட்டு கதவில் சிக்கிய இடத்தில் பக்கம் முடிந்துவிட்டது; அதிலிருந்து மிஸ்டர் பீன் எப்படி வெளியே வந்தார் என்று நான் பார்க்க வேண்டும்.