செயற்கை வால்வு உள்ளவருக்குப் பல் பிடுங்கிய பின் விடாத காய்ச்சல்

வணக்கம். இதயத்தில் செயற்கை மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு இடையிலுள்ள வால்வு) பொருத்திய உங்கள் தாயாருக்குப் பல் பிடுங்கிய பின் மாலைதோறும் காய்ச்சல் வருவதாகவும், மருந்துக்கடையில் வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரையால் தணிந்து, நிறுத்தியதும் திரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த சுற்று மாத்திரையைத் தொடங்காமல் இன்றே இதயநோய் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இல்லையென்று உறுதியாகும்வரை, இதை வால்வில் ஏற்பட்ட எண்டோகார்டைட்டிஸ் (இதய உட்சுவர், வால்வுகளைத் தாக்கும் கிருமித்தொற்று) தொற்றாகவே கருத வேண்டும்.

ஈறு வழியாக ரத்தத்தில் கலக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் செயற்கை வால்வில் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. அரைகுறையாகக் கொடுக்கும் மாத்திரை அவற்றை அழிப்பதில்லை. ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துக் கண்டறியும் பரிசோதனை) வளரவிடாமல் மறைத்துவிடுகிறது என்பதுதான் பெரிய கேடு. ஆகவே, விழுங்கிய மாத்திரைகளின் அட்டையையே கையில் கொண்டு செல்லுங்கள். ஊசி மருந்துக்கு முன், வெவ்வேறு இடங்களில் குத்தி மூன்று முறை ரத்தம் எடுப்பார்கள். உலோக வால்வின் நிழல் மார்பு வழி எக்கோவில் (இதயத்தை ஒலியலையால் படமெடுக்கும் ஸ்கேன்) பலவற்றை மறைக்கும் என்பதால், அது 'நார்மல்' என்று வந்தாலும் உணவுக்குழாய் வழி எக்கோவைப் பற்றிக் கேளுங்கள். நகங்களுக்கடியில் சிராய் ஏறியதுபோன்ற கருஞ்சிவப்புக் கோடுகள் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தொற்று உறுதியானால், குறைந்தது 6 வாரம் ரத்தக்குழாய் வழி ஊசி மருந்து தேவைப்படும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். பேச்சுக் குழறல், கைகால் தளர்ச்சி, மூச்சுத்திணறல் ஏற்பட்டால் நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

இனிமேல் பல் பிடுங்குவதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு, பென்சிலின் ஒவ்வாமை இல்லாதவருக்கு வழக்கமாக 2 கிராம் அமாக்சிசிலின் ஒரே வேளையாகத் தரப்படும். வால்வு விவரத்தைப் பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.