ஆங்கிலம் பேசுவோம்: சொந்த சைக்கிள் இல்லாத பிள்ளை என்ன சொல்வது?

கேள்வி: மிஸ், அடுத்த மாதம் எனக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பரீட்சை. "சின்ன வயதில் உங்களிடம் சைக்கிள் இருந்ததா?" என்ற கேள்விக்கு, "ஏழாவது பிறந்தநாளுக்கு அப்பா சிவப்பு சைக்கிள் வாங்கித் தந்தார்" என்று வகுப்பில் ஒரு பதிலைப் பாடமாக்கச் சொன்னார்கள். பயிற்சியின்போது "அது இப்போது எங்கே?" என்று கேட்டதும் வாயடைத்துப் போனேன். உண்மையில் எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) மாமாவிடம் மட்டும்தான் சைக்கிள் இருந்தது. "இல்லை" என்று பதில் சொன்னால் புள்ளி குறையுமா?
- வாசகி, பொகவந்தலாவை

பதில்: குறையாது மகள். தடங்காமல் கோர்வையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்ற நான்குக்கும் சமமாகத்தான் புள்ளி. சைக்கிள் இருந்ததா இல்லையா என்பது அதில் எதிலும் வராது. பாடமாக்கிய பதிலைக் கண்டுபிடிக்கப் பரீட்சகர்கள் பழகியவர்கள். அந்தச் சிவப்பு சைக்கிளை இன்றோடு விட்டுவிடுங்கள்.

நானும் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் லயத்துக்கே ஒரே சைக்கிள், பெரியப்பாவுடையது. பிரேக் கட்டை தேய்ந்துபோனதால், பழைய ரப்பர் செருப்பை வெட்டி அந்த இடத்தில் கம்பியால் கட்டியிருந்தார். மழை பெய்தால் அது பிடிக்காது. காலைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்த வேண்டும். காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தை விட்டால் சமதரை ஏது? அங்கேதான் பாருக்கு அடியில் காலை நுழைத்துப் பழகினேன். ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போவோம், இறக்கத்தில் ஏறி உட்காருவோம். இதையே ஆங்கிலத்தில் சொல்லுங்கள்: "வி புஷ்ட் இட் அப் தி ஹில் அண்ட் ரோட் இட் டவுன்." மலைநாட்டுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வாக்கியம் எனக்குத் தெரியவில்லை. 'புஷ்ட்' என்று 'ட்'டில் நிறுத்துங்கள், 'புஷ்டு' என்று இழுக்க வேண்டாம். 'ஓட்டினேன்' என்பதற்கான 'ரோட்', பாதையைக் குறிக்கும் 'ரோட்' இரண்டுக்கும் ஒரே ஓசைதான்.

இப்போது முக்கியமான இடம். நம் பிள்ளைகள் பத்தில் எட்டுப் பேராவது தடுமாறுவது இங்கேதான் என்பது என் வகுப்பறை அனுபவம். "சின்ன வயதில் தினமும் ஓட்டுவேன்" என்கிறோம். நடந்ததோ அன்று, 'ஓட்டுவேன்' என்ற வடிவமோ நாளைக்கும் சொல்வது. தமிழில் அது சரி, பழைய வழக்கத்தை நாம் அப்படித்தான் சொல்வோம். அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் "ஐ வில் ரைட்" என்று வந்துவிடுகிறது. கேட்பவருக்கு இனிமேல்தான் ஓட்டப்போகிறீர்கள் என்று அர்த்தமாகும். மனதில் 'வேன்', 'வோம்' என்று வரும்போதெல்லாம், அது பழைய கதையாக இருந்தால் வாயில் "யூஸ்ட் டு" வரவேண்டும். "ஐ யூஸ்ட் டு ரைட் இட் ஆன் சண்டேஸ்." ஒரே ஒரு நாள் நடந்ததென்றால் "யூஸ்ட் டு" வேண்டாம், "ஐ ரோட்" போதும்.

அப்புறம் சில சொற்கள். சைக்கிளுக்கு 'ட்ரைவ்' வராது, 'ரைட்' தான். விழுந்தால் "ஐ ஃபெல் ஆஃப்". செயின் கழன்றால் "தி செயின் கேம் ஆஃப்". காற்றடித்தால் "ஐ பம்ப்ட் அப் தி டயர்". பிரேக் பிடித்தேன் என்பதற்கு 'பிடி'யைத் தேடாதீர்கள், "ஐ ப்ரேக்ட்" என்றால் முடிந்தது. உங்கள் ஊரில் சைக்கிள் குறைவு ஏன் என்று கேட்டால், பாதை 'ஸ்டீப்' (செங்குத்து), நிறைய 'பெண்ட்ஸ்' (வளைவுகள்), மாலையில் 'மிஸ்ட்' (மூடுபனி) என்று கண்ணால் காண்பதைச் சொல்லுங்கள்.

இப்படிப்பட்ட கேள்விகள் வரும் பேச்சுப் பரீட்சையின் முதல் பகுதி 4 அல்லது 5 நிமிடம்தான், அதற்குள் பல கேள்விகள் வரும். அதனால் ஒரு கேள்விக்கு இரண்டு, மூன்று வாக்கியம் தாராளம்: "நோ, ஐ நெவர் ஹேட் ஒன். பட் மை அங்கிள் ஹேட் அன் ஓல்ட் பைசிக்கிள், அண்ட் ஹி யூஸ்ட் டு லெட் மீ ரைட் இட்."

இன்றிரவே மாமாவிடம் அந்த சைக்கிள் என்னவாயிற்று என்று கேளுங்கள். எங்கள் பெரியப்பாவுடையதில் கடைசியில் ஃபிரேம்தான் மிஞ்சியது, கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார். "ஒன்லி தி ஃப்ரேம் வாஸ் லெஃப்ட்." மாமா சொல்வதை இப்படி இரண்டு வாக்கியமாக்கி, போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: 'பைக்' என்றால் மோட்டார் சைக்கிள்தானே? பரீட்சகர் 'பைக்' என்று கேட்டால் எதைச் சொல்வது?
- வாசகர், அப்புத்தளை

பதில்: நமக்குத்தான் அது மோட்டார் சைக்கிள். ஆங்கிலத்தில் மிதிவண்டிக்கும் 'பைக்' என்பார்கள். முதலில் 'பைசிக்கிள்' என்று சொல்லிவிட்டால் பிறகு 'பைக்' என்றாலும் குழப்பமில்லை. கேள்வியே விளங்காவிட்டால் "டு யூ மீன் எ பைசிக்கிள்?" என்று கேட்டுக்கொள்ளலாம்.