வீட்டில் பணம் தர மறுத்தால் காலேஜ் படிப்பு: வாசகர் கேள்வி பதில்

வீட்டில் காசு தர மாட்டேன் என்கிறார்கள் என்று எழுதும் பிள்ளைகளுக்கு இரண்டு சிக்கல். ஒன்று பணம். இன்னொன்று, அப்பா தராத பணத்தை வேறு இடத்தில் கேட்கப் போனாலும் அவருடைய வருமானச் சான்றையும் கையெழுத்தையும் கேட்கும் படிவங்கள். எந்த உதவிக்கு அந்தத் தாள் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துப் பார்த்தால் பாதி வழி தெரிந்துவிடும். இந்த வாரக் கேள்விகள் எல்லாம் அதைச் சுற்றியே.

கேள்வி: ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படிச்சேனுங்க. மாமன் பையனைக் கட்டிக்க மாட்டேன்னு சொன்னதும், "படிச்சது போதும், ஒத்தப் பைசா தர மாட்டேன்"னு அப்பா சொல்லிட்டாரு. நாலு ஏக்கர் மஞ்சள் காடு இருக்கறதால வருமானச் சான்று வெச்சு எதுவும் வாங்க முடியாதுங்கறாங்க. இப்போ அம்மிச்சி (அம்மாவோட அம்மா) வீட்டில் இருக்கேன். போன மாசம் 18 முடிஞ்சுது. இன்ஜினியரிங் படிக்க வழி இருக்குங்களா? (பெயர் வேண்டாம், கோபி வட்டம்)

பதில்: இருக்கிறது அம்மணி. உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய உதவிக்கு அப்பாவின் வருமானமே கணக்கில் வராது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் உண்டு. அந்த ஒதுக்கீட்டில் சேருபவருக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே கட்டுகிறது. வருமான வரம்பு கிடையாது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குத் தலைமையாசிரியர் தரும் சான்றுதான் இதில் முக்கியம். ஏழு வகுப்பும் ஒரே பள்ளியில் இல்லையென்றால், மாறிய ஒவ்வொரு பள்ளியின் பதிவும் சரியாக இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் நிறையப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

கலந்தாய்வில் எடுக்கும் இடத்துக்குத்தான் அரசு பணம் கட்டும். "நேரா வாங்க, சீட் தர்றோம்" என்று ஊருக்குள் வரும் ஏஜென்ட் காட்டுவது நிர்வாக ஒதுக்கீட்டு இடம். அதில் சேர்ந்தால் முழுக் கட்டணமும் உங்கள் தலையில். எங்கள் யோசனை, கட் ஆஃப் இடம் கொடுத்தால் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜி.சி.டி.), சித்தோட்டில் உள்ள ஈரோடு அரசு பொறியியல் கல்லூரி, சேலம் அரசு பொறியியல் கல்லூரி ஆகியவற்றை விருப்பப் பட்டியலின் மேலே வையுங்கள். தனியார் கல்லூரிக்கு அரசுப் பணம் தாமதமாக வந்தால், "இப்போ நீங்க கட்டுங்க, வந்ததும் திருப்பித் தர்றோம்" என்ற பேச்சு எழலாம். கையில் காசில்லாத பிள்ளைக்கு அந்த ஒரு வார்த்தையே படிப்பை நிறுத்திவிடும்.

கைச்செலவுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அதற்கும் வருமான வரம்பு இல்லை, வேறு உதவித்தொகை வாங்கினாலும் தடையில்லை. கல்லூரியில் சேர்ந்தபின் கல்லூரி மூலமாகவே பதிய வேண்டும். இந்தப் பணம் படிவத்தில் எழுதிய கணக்கு எண்ணைப் பார்த்து வராது, உங்கள் ஆதார் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அங்கே போய் விழும். பள்ளியில் படிக்கும்போது அப்பாவைக் காப்பாளராகப் போட்டுத் திறந்த கணக்கில் அந்த இணைப்பு இருந்தால், உங்கள் ஆயிரம் ரூபாய் அவர் கைக்குப் போய்ச் சேரலாம். 18 முடிந்துவிட்டதால் உங்கள் பெயரில் மட்டும் குறைந்தபட்ச இருப்புத் தேவையில்லாத கணக்கு ஒன்றைத் திறந்து, அந்த வங்கியிலேயே ஆதார் இணைப்புப் படிவம் எழுதிக் கொடுங்கள். ஆதாரில் அப்பாவின் செல்போன் எண் இருந்தால் முதல் வேலையாக ஆதார் மையத்துக்குப் போய் அதை மாற்றுங்கள். இ-சேவையானாலும் வங்கியானாலும் ஆதாரை வைத்துச் சரிபார்க்கும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் போகும்.

சான்றிதழ்களை அப்பா பீரோவில் பூட்டி வைத்திருந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். மதிப்பெண் சான்றை டிஜிலாக்கர் என்ற அரசின் இணையப் பெட்டகத்தில் எடுக்கலாம். அசலுக்கு மாற்று நகல் கேட்டுப் பள்ளி வழியாகத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பிக்கலாம். மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) இன்னும் பள்ளியில் இருந்தால் நீங்களே போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், 20-ஆவது பிரிவின்படி, சொந்த வருமானம் இல்லாத, மணமாகாத மகளைப் பராமரிப்பது தந்தையின் கடமை. பராமரிப்பு என்பதில் படிப்புச் செலவும் அடங்கும். பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் உதவி உண்டு. ஈரோட்டில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ 15100 என்ற எண்ணிலோ கேட்கலாம். வழக்குப் போடச் சொல்லவில்லை. பெரியவர்களை வைத்துப் பேசும்போது, கேட்பது பிச்சை இல்லை என்று தெரிந்து பேசுங்கள். கல்யாணத்துக்குக் கட்டாயப்படுத்தினால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

கேள்வி: பல்லடத்தில் மெட்ரிக் பள்ளியில் படித்தேன். அப்பாவுக்கு விசைத்தறி. தறிக் கடன் நின்றுபோய் அவர் சிபில் (வங்கிகள் பார்க்கும் கடன் வரலாறு) கெட்டுவிட்டது. நான் படிப்பதிலும் அவருக்கு விருப்பமில்லை. கல்விக் கடனுக்கு அவர் கையெழுத்து இல்லாமல் முடியுமா? (மாணவர், பல்லடம்)

பதில்: தம்பி, அப்பா இல்லாமல் முடியும், ஆனால் வீட்டில் யாருமே இல்லாமல் முடிவது கடினம். 4 லட்சம் வரை சொத்து அடமானமும் வேண்டாம், நாம் கையிலிருந்து போடும் பங்குப் பணமும் வேண்டாம். 7.5 லட்சம் வரை அடமானம் இல்லாமலே தரலாம். ஆனால் இணைக் கடன்தாரராகப் பெற்றோரில் ஒருவரையோ காப்பாளரையோ வங்கி கேட்கும். அம்மா கையெழுத்துப் போட்டால் போதும். முதலில் அம்மாவின் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். மகளிர் குழுவிலோ மைக்ரோ ஃபைனான்ஸிலோ ஒரு தவணை பாக்கி நின்றாலும் அதில் தெரியும். அதைத் தீர்த்து, அறிக்கையில் ஏறியபின் விண்ணப்பியுங்கள்.

கிளையில் வாய்வார்த்தையாக "முடியாது" என்றால் எழுந்து வந்துவிடாதீர்கள். ஆன்லைனில் விண்ணப்பித்து எண் வாங்குங்கள், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். கிளை மேலாளர் மேலதிகாரியின் ஒப்புதலோடுதான் மறுக்க வேண்டும் என்பது வங்கிகளின் மாதிரித் திட்டத்திலேயே உள்ளது. "உங்க ஊரு எங்க சேவைப் பகுதியில் இல்லை" என்ற காரணத்தை ரிசர்வ் வங்கி ஏற்பதில்லை.

கடன் வாங்கும் முன் கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நாலு ஆண்டு, வட்டி 10 சதவீதம் என்று வைப்போம். படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை இல்லை, ஆனால் தனிவட்டி ஓடும். ஐந்தாம் ஆண்டு முடிவில் கடன் 5.4 லட்சமாக நிற்கும். பத்து ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 7,140 ரூபாய். அதே கடனுக்குப் படிக்கும்போதும் அடுத்த ஓராண்டும் வட்டியைக் கட்டி வந்தால் தவணை சுமார் 5,290 மட்டுமே. முதல் ஆண்டில் அந்த வட்டி மாதம் 833 ரூபாய்தான். விடுமுறையில் தறிக்கோ பனியன் கம்பெனிக்கோ போய்ச் சம்பாதிப்பதை முதலில் இதற்குக் கொடுங்கள்.

கேள்வி: வேலைக்குப் போய்க்கொண்டே டிகிரி படிக்க எது மலிவு? (வாசகர், தாராபுரம்)

பதில்: அரசு கலைக் கல்லூரிதான். இளநிலைப் படிப்புக்கு அங்கே கல்விக் கட்டணமே கிடையாது. மற்ற சிறு கட்டணங்கள் மட்டும்தான். திருப்பூரில் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி, பெண்களுக்கு எல்.ஆர்.ஜி., உடுமலையில் அரசு கலைக் கல்லூரி என்று பக்கத்திலேயே உள்ளன. ஷிப்ட் முறை உள்ள பாடப்பிரிவாகப் பார்த்து எடுத்தால் மீதி அரை நாள் வேலைக்குப் போகலாம். 75 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுதுவது சிக்கல், ஆகவே இரவு ஷிப்டில் முழு நேர வேலை என்ற கணக்குப் பெரும்பாலும் இரண்டாம் செமஸ்டரிலேயே உடையும். விடுதியும் படிப்பும் சேர்த்துத் தருகிறோம் என்று மில் ஏதாவது அழைத்தால், அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். சம்பளம் மாதாமாதம் உங்கள் கணக்கில் ஏறுமா என்று கேளுங்கள். மூன்று ஆண்டு கழித்து மொத்தமாகத் தருகிறோம் என்றால் வேண்டாம்.

கேள்வி: சொந்தக் காசில் 20,000 கட்டித் தனியார் கலைக் கல்லூரியில் சேர்ந்தேன். இப்போது அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. பணம் திரும்பி வருமா? (வாசகி, நாமக்கல்)

பதில்: தேதியைப் பொறுத்தது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018 அறிவிப்புப்படி, அறிவிக்கப்பட்ட கடைசிச் சேர்க்கைத் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுக் கட்டணமும் வர வேண்டும், அலுவலகச் செலவுக்காக அதிகபட்சம் 5 சதவீதம் அல்லது 5,000 ரூபாய், இரண்டில் குறைவானதைப் பிடிக்கலாம். 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். தேதி கடந்து 15 நாள் வரை 80, முப்பது நாள் வரை 50, அதன்பின் ஒன்றுமில்லை. அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கவும் கல்லூரிக்கு உரிமை இல்லை. விலகல் கடிதத்தை இன்றே இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.