நான்காம் வகுப்புக் குழந்தைக்கு ஆங்கில வாக்கியத்தில் பிரெடிகேட் எது என்று எப்படிப் புரியவைப்பது?

உங்கள் மகள் ‘ரவி ஈட்ஸ் எ மேங்கோ’ என்ற வாக்கியத்தில் ‘மேங்கோ’வுக்குக் கீழே கோடு போட்டிருக்கிறாள். ‘மை ஃபாதர் இஸ் எ டெய்லர்’ என்பதில் பிரெடிகேட்டே இல்லை என்கிறாள். எத்தனை தடவை சொன்னாலும் ஏறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: இந்த இரண்டு தவறுமே கவனக்குறைவால் வந்தவை அல்ல. தமிழ் இலக்கணம் மனதில் நன்றாகப் பதிந்த குழந்தைதான் இப்படிச் செய்யும். தயவுசெய்து திட்டாதீர்கள்.

நான் பன்னிரண்டு வருடமாக ஒரு சிறிய ஊரில் மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் எடுக்கிறேன். தொடக்கப்பள்ளி என்பதால் தமிழும் நான்தான், ஆங்கிலமும் நான்தான். முதல் வருடம் கரும்பலகையில் ‘சப்ஜெக்ட் என்றால் எழுவாய், பிரெடிகேட் என்றால் பயனிலை’ என்று எளிதாக எழுதிப் போட்டுவிட்டுப் பத்து வாக்கியம் கொடுத்தேன். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் எல்லா வாக்கியத்திலும் கடைசி வார்த்தைக்குக் கீழே கோடு போட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் சிவப்பு மையால் அடித்துக் கொடுத்தேன். மறுநாள் ஒரு பையன் நோட்டோடு வந்து நின்றான். “டீச்சர், பயனிலை கடைசியிலதான் வரும்னு நீங்கதானே சொன்னீங்க?” என்று கேட்டான். தமிழ் பீரியடில் நான் சொன்னதுதான் அது. அவன் சரியாகத்தான் கேட்டிருந்தான். அன்றைக்குப் பிறகு இந்தப் பாடத்தை நடத்தும் முறையையே மாற்றிக்கொண்டேன்.

சிக்கல் அந்த மொழிபெயர்ப்பில் இருக்கிறது. ‘ரவி மாம்பழம் சாப்பிடுகிறான்’ என்பதைத் தமிழில் மூன்றாகப் பிரிக்கிறோம்: ரவி எழுவாய், மாம்பழம் செயப்படுபொருள், சாப்பிடுகிறான் பயனிலை. பள்ளி ஆங்கில இலக்கணம் அதே வாக்கியத்தை முதலில் இரண்டாகத்தான் வெட்டுகிறது. ரவி ஒரு பக்கம். ‘ஈட்ஸ் எ மேங்கோ’ முழுவதும் இன்னொரு பக்கம். மாம்பழமும் பிரெடிகேட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இன்னும் ‘இன் த கார்டன்’, ‘எவ்ரி மார்னிங்’ என்று எதைச் சேர்த்தாலும் அதுவும் அதே பக்கம்தான் போகும். ஆக, பயனிலை ஒரு சொல். பிரெடிகேட் ஒரு பகுதி. இதைக் குழந்தையிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ‘தமிழில் மூன்று துண்டு, ஆங்கிலத்தில் முதலில் இரண்டே துண்டு’ என்றால் ஒன்பது வயதுக் குழந்தைக்கு நன்றாகவே புரியும்.

சொல்வதோடு நிறுத்தாமல் கையில் கத்தரிக்கோலையும் கொடுங்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் வாக்கியங்களை எழுதி, நீள நீளமான பட்டைகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பட்டையையும் அவள் ஒரே ஒரு வெட்டில் இரண்டாக்க வேண்டும். கோடு போடச் சொன்னால் ஏதோ ஒரு வார்த்தையைத் தேடிப் போகும் குழந்தை, வெட்டச் சொன்னால் எந்த இடத்தில் பிரிகிறது என்று தேடும். பார்வையே மாறிவிடும். வெட்டிய பிறகு முன்பாதிகளைத் தனியாகவும் பின்பாதிகளைத் தனியாகவும் குலுக்கிப்போட்டு, எடுத்து ஒட்டச் சொல்லுங்கள். ‘மை கிராண்ட்மதர் லேஸ் எக்ஸ்’, ‘த ஹென் ரீட்ஸ் த நியூஸ்பேப்பர்’ என்று வரும். பாட்டி முட்டையிட்டதும் என் வகுப்பில் பத்து நிமிடத்துக்குப் பாடம் நடக்காது. ஆனால் எந்தத் தலையோடு எந்த உடலைச் சேர்த்தாலும் அது ஒரு வாக்கியமாக நிற்கிறது என்பது அந்தச் சிரிப்போடு மனதில் தங்கிவிடும்.

வெட்டும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ‘செயலைத் தேடு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் மகள் டெய்லர் வாக்கியத்தில் மாட்டிக்கொண்டது அதனால்தான் என்று நினைக்கிறேன். அங்கே ஓடுவதும் குதிப்பதும் எதுவும் இல்லை. நான் இரண்டு கேள்விதான் கேட்பேன். யாரைப் பற்றி, அல்லது எதைப் பற்றிப் பேசுகிறோம்? சரி, அவரைப் பற்றி என்ன சொல்கிறோம்? இரண்டாவது கேள்விக்கு வரும் முழுப் பதிலும் பிரெடிகேட். ‘மை ஃபாதர்’ பற்றிப் பேசுகிறோம். அவர் ‘இஸ் எ டெய்லர்’ என்று சொல்கிறோம்.

அந்தச் சொல்லின் பிறப்பும் இதற்கு உதவும். லத்தீனில் பலர் அறியச் சொல்வதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது பிரெடிகேட். பிரசங்கம் செய்வதைக் குறிக்கும் ‘ப்ரீச்’ என்ற சொல்லுக்கும் அதுதான் வேர். அதை வைத்து வகுப்பில் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். ஒரு பிள்ளை எழுந்து ‘த ஹெட்மாஸ்டர்’ என்று மட்டும் சொல்லும். பக்கத்துப் பிள்ளை டஸ்டரை மைக் மாதிரிப் பிடித்துக்கொண்டு அவரைப் பற்றி ஓர் அறிவிப்பு செய்யும்: ‘இஸ் வெரி டால்’, ‘கேம் லேட் டுடே’. மைக்கில் சொன்னது எல்லாம் பிரெடிகேட். வீட்டில் நீங்களும் அவளும் மாறி மாறி ஆடலாம்.

டெய்லர் விஷயத்தில் தமிழ் உண்மையில் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. ‘என் அப்பா தையல்காரர்’ என்ற வாக்கியத்தில் வினையே கிடையாது, ஆனாலும் பயனிலை உண்டு. தையல்காரர் என்பது பெயர்ப் பயனிலை. எழுவாய் ஏற்கும் பயனிலைகளைத் தொல்காப்பியம் ஆறு வகையாகச் சொல்கிறது. ‘ஆ கரிது’ என்பது போலப் பண்பும் பயனிலையாகலாம், பெயரும் ஆகலாம். செயல் இருந்தால்தான் பயனிலை என்பது நம் மரபிலேயே கிடையாது. அவளிடம் இந்தத் தமிழ் வாக்கியத்தை முதலில் சொல்லுங்கள். அப்புறம், ஆங்கிலம் மட்டும் இந்த இடத்தில் ‘இஸ்’ என்று ஒரு கொக்கி கேட்கிறது, அதையும் பின்பாதியோடு சேர்த்துக்கொள் என்று சொன்னால் போதும்.

அடுத்த சோதனை நான் மிகவும் நம்புவது. முன்பாதி நீளமானால் குழந்தைகள் அவசரப்பட்டு நடுவிலேயே வெட்டிவிடுவார்கள். ‘த லிட்டில் பாய் வித் த ரெட் அம்ப்ரெல்லா வாஸ் கிரையிங்’ என்றால் ‘பாய்’ முடிந்ததும் கத்தரி இறங்கிவிடும். அப்போது, எந்த இடம் வரைக்கும் எடுத்துவிட்டு ‘ஹி’ என்று போட முடிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ‘ஹி வித் த ரெட் அம்ப்ரெல்லா வாஸ் கிரையிங்’ சரியாக ஒலிக்காது. ‘ஹி வாஸ் கிரையிங்’ ஒலிக்கும். ஆக வெட்டு ‘அம்ப்ரெல்லா’வுக்குப் பிறகு. ஹி, ஷி, இட், தே, இந்த நான்கையும் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதி, முன்பாதியின் மேல் வைத்து மூடிப் பார்க்கச் செய்யலாம். இன்றைக்கு என்பதை நேற்று என்று மாற்றி, எந்த வார்த்தை மாறுகிறது என்று பார்ப்பதும் ஒரு வழிதான். ஆனால் ‘கட்’, ‘புட்’ போன்றவை கடந்த காலத்திலும் உருமாறாது. அதனால் அதைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாம்பழத்தைப் பற்றி இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு படம் போட்டுக் காட்டுங்கள். அமெரிக்காவில் ரீட், கெல்லாக் என்ற இரண்டு ஆசிரியர்கள் 1877இல் பரப்பிய முறை இது. ஒரு படுக்கைக் கோடு போட்டு அதன்மேல் ‘ரவி’, ‘ஈட்ஸ்’, ‘மேங்கோ’ என்று வரிசையாக எழுதவேண்டும். ரவிக்கும் ஈட்ஸுக்கும் நடுவில் வரும் நிற்கும் கோடு, படுக்கைக் கோட்டை வெட்டிக்கொண்டு கீழே வரை இறங்கும். ஈட்ஸுக்கும் மேங்கோவுக்கும் நடுவில் வரும் கோடு, படுக்கைக் கோட்டின் மேலேயே நின்றுவிடும், கீழே இறங்காது. முதல் கோடு இரண்டு வீட்டுக்கு நடுவில் இருக்கும் மதில்சுவர், இரண்டாவது ஒரே வீட்டுக்குள் இருக்கும் தடுப்பு என்று நான் சொல்வேன். அந்த முறையில் இன்னும் நிறையச் சாய்கோடுகள் எல்லாம் உண்டு, இந்த வயதுக்கு அவை வேண்டாம்.

‘ஓபன் த டோர்’ மாதிரி வாக்கியத்தில் சப்ஜெக்டைக் காணோமே என்று அவள் கேட்டால் மகிழ்ச்சியடையுங்கள். ‘கதவைத் திற’ என்பதில் ‘நீ’ ஒளிந்திருக்கிற மாதிரி அங்கே ‘யூ’ ஒளிந்திருக்கிறது. தோன்றா எழுவாய்தான். எழுதியிருப்பது முழுவதும் பிரெடிகேட். கேள்வி வாக்கியம் வந்தால் முதலில் அதைச் சாதாரண வாக்கியமாகத் திருப்பிவிட்டு வெட்டவேண்டும்: ‘இஸ் ஷி அட் ஹோம்’ என்பது ‘ஷி இஸ் அட் ஹோம்’ ஆகும். ‘தேர் இஸ் எ கேட் ஆன் த வால்’ போன்றவற்றை இந்த வருடம் தொடவே வேண்டாம்.

கடைசியாக ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில பயிற்சிப் புத்தகங்களில் ‘சிம்பிள் பிரெடிகேட்’ என்று கேட்டிருப்பார்கள். அப்படிக் கேட்டால் வினைச்சொல் மட்டும் போதும், ‘ஈட்ஸ்’ என்று எழுதினால் சரி. ‘கம்ப்ளீட் பிரெடிகேட்’ என்றாலோ வெறுமனே பிரெடிகேட் என்றாலோ பெரும்பாலும் பின்பாதி முழுவதும் வேண்டும். உங்கள் மகளின் பள்ளியில் எது வழக்கம் என்று அவளுடைய மிஸ்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, இன்று ராத்திரியே காலண்டர் தாளை எடுங்கள். முதல் நாளுக்கு ஆறு பட்டை போதும். அதில் ஒன்று அப்பா டெய்லர் வாக்கியமாக இருக்கட்டும்.