சூரியப் புயல் எத்தனை மணிக்கு வருகிறது?

கேள்வி: சூரியப் புயல் வருகிறது என்று இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுகிறார்கள். அயனி மண்டலத்தை (நமக்கு வெகு மேலே, மின்னேற்றம் பெற்றுக் கிடக்கும் காற்றடுக்கு) அது என்ன செய்யும் என்பதையும் கணினியில் மாதிரி போட்டுச் சொல்லிவிட முடியாதா? அப்புறம், சில்க் போர்டு மேம்பாலத்தில் போகும்போது என் போன் கீழ்ச் சாலையில் போவதாகக் காட்டுகிறதே, அதற்கும் இதுதான் காரணமா?
– ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: சில்க் போர்டு பழியைச் சூரியன் தலையில் போடாதீர்கள் சார். பாலமும் சாலையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால் மேப் குழம்பத்தான் செய்யும்.

மாதிரிகள் இருக்கின்றன. க்ளோபுச்சார் என்ற மாதிரி ஜிபிஎஸ் செயற்கைக்கோள் அனுப்பும் எட்டே எட்டு எண்களை வைத்துக்கொண்டு, சிக்னல் அயனி மண்டலத்தைக் கடக்கும்போது தாமதமாவதால் வரும் பிழையில் ஏறக்குறைய பாதியைத் திருத்திவிடும். சாதாரண நாளுக்கு அது போதும். புயல் நாளில்தான் தகராறு. வரும் புயலின் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால்தான் அடி பலமாக விழும், ஆனால் பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கி.மீ. தள்ளி நிற்கும் ஆதித்யா-எல்1 போன்ற கலங்களை அது தொடும்வரை திசை உறுதியாகத் தெரியாது, அதன்பிறகு நம் கையில் இருப்பது ஒரு மணி நேரமோ அதற்கும் குறைவோ.

அதைவிடப் பெரிய சிக்கல் நாம் இருக்கும் இடம். காந்த நடுக்கோடு (பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் கோடு) இந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போகிறது (ராக்கெட் ஏவத் திருவனந்தபுரம் பக்கம் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான்). பகலில் அங்கே மேலே தூக்கப்படும் எலக்ட்ரான்கள் வடக்கே சரிந்து அகமதாபாத், போபால் பக்கம் குவிகின்றன. பெங்களூரு இரண்டுக்கும் நடுவில். பொழுது சாய்ந்ததும் அயனி மண்டலத்தின் கீழ் அடுக்கு சீக்கிரம் கரைந்துவிட, மேலே கனத்த அடுக்கு நிலைகொள்ளாமல் தவிக்கும், அதற்குள் அடர்த்தி குறைந்த குமிழிகள் கிளம்பும், அவற்றைக் கடந்து வரும் சிக்னல் துடிக்கும், சில சமயம் அறுந்தே போகும். புயல் சாயங்காலம் ஏழு மணிக்கு வந்தால் இந்தக் குமிழிகளைத் தூண்டிவிடக்கூடும். அதே புயல் சில மணி நேரம் முன்பே வந்திருந்தால், துருவப் பக்கம் சூடாகிக் கிளம்பும் காற்று மின்புலத்தைத் திருப்பி, குமிழியே வராமல் அமுக்கிவிடவும் கூடும். இயற்பியல் சமன்பாடுகளை வைத்து உலகம் முழுவதற்கும் போடும் மாதிரிகள் உலகைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன, அதில் ஒரு கட்டமே இருநூறு, முந்நூறு கி.மீ. அகலம், குமிழியோ நூறு கி.மீ. அளவுதான். சல்லடைக் கண்ணில் நழுவிவிடும்.

அதனால்தான் விமானங்களுக்காக ஜிபிஎஸ் பிழையைத் திருத்தும் ககன் அமைப்பு (கட்டுப்பாட்டு மையம் உங்கள் ஊர் குந்தலஹள்ளியில்தான்) கணிப்பை மட்டும் நம்புவதில்லை. நாடு முழுக்க உள்ள நிலையங்களில் அந்தந்த நேரத்துப் பிழையை அளந்து, திருத்தத்தைச் செயற்கைக்கோள் வழியே அனுப்புகிறது. என்னைக் கேட்டால் இதுதான் புத்திசாலித்தனம். உங்கள் போனைப் பற்றிக் கவலை வேண்டாம். டிரோன் வைத்து நிலம் அளப்பவராக இருந்தால் மட்டும், மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாதங்களில் இருட்டியபின் எடுத்த அளவை இன்னொரு முறை சரிபாருங்கள்.