195/45 ரயருக்குப் பதிலா 215/45 ரயர் போடலாமோ?

தம்பி, சுவிப்ட் ஸ்போர்ட் காரின்ர 6.5 அங்குல அகல றிம்மில 195/45ஆர்17 ஐக் (195 மில்லிமீற்றர் அகலம், பக்கச்சுவர் உயரம் அதில 45 வீதம், றிம் விட்டம் 17 அங்குலம்) கழட்டிப்போட்டு 215/45 செமி ஸ்லிக் (வெட்டுக் குறைஞ்ச, பந்தயக் களத்துக்கான ரயர்) போடலாமோ எண்டு கேட்டிருக்கிறியள். வேண்டாம். 215/45 இற்கு றிம் அகலம் குறைஞ்சது 7 அங்குலம் வேணும். ஒடுங்கின றிம்மில பக்கச்சுவர் உள்ளுக்கு இழுபட்டு, வளைவில ரயர் நெளியும்; அகலத்துக்குக் குடுத்த காசு வீண். விட்டமும் 18 மில்லிமீற்றர் கூடும், ஸ்பீடோமீற்றர் 3 வீதம் குறைச்சுக் காட்டும். 205/45ஆர்17 எடுங்கோ, அந்த றிம்முக்கு அளவா இருக்கும்.

கட்டுக்குருந்த கார்ப்பந்தய ஓடுகளத்துக்கு வருசத்தில ரெண்டுதரம்தான் போறன் எண்டுறியள். மிச்ச நாளெல்லாம் பிள்ளையளை ஏத்திக்கொண்டு யாழ்ப்பாண றோட்டிலதானே ஓட்டம்? ஐப்பசி, கார்த்திகை மழையில ஏ9 இல தண்ணி நிக்கேக்க, செமி ஸ்லிக்கின்ர ஆழம் குறைஞ்ச வெட்டு தண்ணியை வெளியில தள்ளாது. கார் மிதக்கும், பிரேக்கும் கேளாது, ஸ்டியரிங்கும் கேளாது. தயவுசெய்து அதை விட்டிடுங்கோ. ட்ரெட்வெயார் (ரயர் எவ்வளவு தேயாமல் உழைக்கும் எண்டு காட்டுற எண்) 300 அளவில ஒரு நல்ல ஸ்போர்ட்ஸ் ரயர் உங்கட ரெண்டு தேவைக்கும் காணும்.

வாங்கேக்க பக்கச்சுவரில இருக்கிற நாலு இலக்கத்தைப் பாருங்கோ: 2319 எண்டா 2019 இன் 23ஆம் கிழமை செய்தது. களத்தில நாலைஞ்சு சுற்று ஓடினாப்பிறகு காத்தை அளந்து பாருங்கோ, சூட்டில ஏறியிருக்கும். குறைச்சு விட்டா, வீட்ட வெளிக்கிட முதல் ரயர் ஆறினபிறகு திரும்ப அடிச்சிடுங்கோ.